மயில்கழுத்துப் பெடல்

ஆவுடைச்செல்வி மயில்கழுத்து நிறப் பெடலின் ஒயரைச் சுவரில் செருகிய சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, ஹவுசிங் போர்டு ஈ பிளாக்கின் தரைத்தளத்தில் சுடலைமுத்து அண்ணாச்சி தன் வண்டியை யாரோ நகர்த்தி வைத்ததற்காகப் போட்ட சத்தமும், மூன்றாவது மாடியில் ஓர் எறும்பு சர்க்கரை டப்பாவின் மூடிமேல் நடந்துபோன சத்தமும் ஒரே அளவில் கேட்டன. அண்ணாச்சி இருபத்தாறு வருடமாகக் காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவர். அவர் ‘ஒரு தரம்’ என்றால் ஆற்றுப்பாலத்தின் அந்தக் கோடியில் வாழைத்தார் ஏற்றுகிறவன் திரும்பிப் பார்ப்பான். எறும்பு சாதாரண எறும்புதான்.

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள். குக்கர் விசில் அடித்தது, அது ஒருவர் மூச்சு விடுவதுபோல இருந்தது. ஒருவர் மூச்சு விட்டார், அது குக்கர் விசில்போல இருந்தது. “கரண்டு கூடக் குறைய வருதோ என்னவோ,” என்று ஒருவர் சொன்னார், “அப்படித்தான் இருக்கும்,” என்று இன்னொருவர் சொன்னார். தண்ணீர் மோட்டார் போட்டால் இரண்டாம் மாடி விளக்குகள் மங்குவதற்கே அந்த பிளாக்கில் யாரும் இதுவரை காரணம் கேட்டதில்லை என்பதால், இதற்கும் கேட்காமல் அவரவர் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பார்த்தார்கள்.

அந்தப் பெடல் அந்த வீட்டுக்கு வந்த கதை இது.

ஆவுடைச்செல்வியின் குரல் அவள் உதட்டைத் தாண்டி ஒரு முழம்தான் போகும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் ‘உள்ளேன்’ என்று சொல்லியும் வாத்தியார் காதில் விழாமல், பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் தவறாமல் வந்தவளுக்கு ஒரு வருடம் அறுபது நாள் ஆப்சென்ட் விழுந்திருந்தது, பஸ்ஸில் நிறுத்தம் சொல்லிச் சொல்லி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்து வருவாள், வேலைக்கான நேர்காணல்களில் எல்லோரும் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “என்னம்மா சொன்னே?” என்பதுதான். அம்மா வேலம்மாள் பீடி சுற்றிப் படிக்க வைத்ததில் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகி, ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் முடிவுகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தாள். அந்த வேலையில் பேச வேண்டியதில்லை. சர்க்கரை கூடிவிட்டது என்பதைக் காகிதமே சொல்லிவிடும்.

ஒரு கோயில் கொடையில் அவள் மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரரைப் பார்த்தாள். ஒல்லியான, யாரிடமும் பேசாத மனிதர். காலால் பெடல் என்கிற ஒரு சின்னப் பெட்டியை மிதித்து, ஒரு கம்பியைக் கட்டைவிரலால் தொட்டார். பந்தலுக்கு அடியில் படுத்திருந்த நாய்கள் எல்லாம் எழுந்து ஊர் எல்லை வரைக்கும் ஓடின. ஒரு மனிதன் வாயைத் திறக்காமலே இவ்வளவு பேசலாமா என்று ஆவுடைச்செல்விக்கு அன்று தூக்கம் வரவில்லை. அந்த மனிதர் அடுத்த வருடம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது, அவருடைய பழைய கிட்டாரையும், அதன் சத்தத்தைப் பெருக்குகிற, பால் கேன் அளவில் இருந்த சின்ன ஆம்ப் ஒன்றையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

காலியான அந்த நாற்காலிக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். குழுவை நடத்தும் கீபோர்டு தனுஷ்கோடி அவளை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“விரல் வருது. ஆனா டோன் கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும்மா. கம்பியை உறும வைக்கிற டிஸ்டார்ஷன் பெடல் ஒண்ணு வாங்கிட்டு, வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வா. தூத்துக்குடியில இருந்து இன்னொரு பையனும் வாறான். ரெண்டு பேர்ல யாருன்னு அன்னைக்கு முடிவு பண்ணிருவோம்.”

“சரி சார்,” என்றாள் அவள்.

“என்னம்மா சொன்னே?”

இதற்கு முன்பே இரண்டு மாதமாக அவள் பெடல்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்து நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர், புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லா ஒலியும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கினால் போதும் என்றார். இன்னொருவர், அதை வாங்கினவன் நாள் முழுக்கக் குமிழ் திருகுவானே தவிர வாசிக்க மாட்டான் என்றார். மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டிவிட்டுத் தன் கடையில் வாங்கச் சொன்னார். பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து, சந்தேகப்பட்டு, சந்தேகப்பட்டதையும் எழுதி வைத்து, நாற்பதாவது பக்கத்தில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சுருதி பார்க்கக் கைப்பேசி இருக்கிறது. எதிரொலிக் குமிழ் ஆம்பிலேயே இருக்கிறது. கையில் இருக்கிற பணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அது ஆரஞ்சு நிறத்தில் வருகிற அந்த டிஸ்டார்ஷன் பெடல்தான். அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அவள் செய்த ஒரே தப்பு, கடையில் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டது. அம்மா பத்மாவதி மைனியிடம் சொன்னாள்.

இரண்டாம் மாடி பத்மாவதி மைனி சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவர். ஈ பிளாக்கில் எந்தக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனாலும் மைனி முன்னால் போவார், பின்னால் மொத்த பிளாக்கும் போகும். முக்கியமான சாமான் ஒன்றை ஒருவர் தனியாகப் போய் எடுத்து வருவது, தனியாகப் போய்த் தாலி கட்டிக்கொண்டு வருவது மாதிரி. எனவே அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு வேன் வந்து நின்றது. நல்ல நேரம் பார்த்து, பதினோரு பேர் ஏறினார்கள்.

“ஏட்டி ஆவுடை, பெடலுன்னா சைக்கிள்ல இருக்குமே, அதுவா?” என்று அண்ணாச்சி முன் சீட்டிலிருந்து கேட்டதில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டான்.

அவள் விளக்கினாள். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைப்பது, காலால் மிதிப்பது, எல்லாம் ஒரே பெட்டிக்குள் வருவதும் உண்டு, சிலர் தனித்தனியாக ஐந்தாறு வைப்பார்கள், எதற்குப் பின்னால் எது என்று வரிசை உண்டு. அது பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு மட்டும் கேட்டது. அம்மா சொல்லி மற்றவர்களுக்குப் போனது.

“வரிசைன்னா வயசுல மூத்தது முன்னால நிக்கணும். அவ்வளவுதான விஷயம்,” என்றார் பத்மாவதி மைனி.

“ஒரே பெட்டிக்குள்ள எல்லாம் இருக்கிறது கூட்டுக் குடும்பம். தனித்தனியா வாங்குறது தனிக்குடித்தனம்,” என்றார் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ராமசுப்பு. காது மிஷின் மாட்டியும் அவருக்குப் பாதிதான் கேட்கும் என்பதால் எப்போதும் தானே பேசிக்கொண்டிருப்பார். “தனிக்குடித்தனம்தான் நல்லது. ஒண்ணு கெட்டாலும் மத்தது பொழைக்கும்.”

ஜங்ஷனில் இருந்த வாத்தியக் கடைக்காரர் காஜா மைதீன், பதினோரு பேர் மொத்தமாக உள்ளே வருவதைப் பார்த்து முதலில் தண்டல் தகராறு என்று நினைத்துப் பயந்தார். பிறகு விஷயம் தெரிந்து, பையனை விட்டு டீ வாங்கிவரச் சொல்லி, தரையில் பாயை விரித்துப் பெடல்களைப் பரப்பினார். மைனி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் பச்சையை எடுங்க. இது இல்ல, கிளிப்பச்சை. ம்ஹூம், இதே டிசைன்ல ராமர் பச்சை இருக்கா?”

“ஆரஞ்சு,” என்றாள் ஆவுடைச்செல்வி.

“அந்த நீலத்தைக் காட்டுங்க. டியூப்லைட்டுல கலரு தெரியாது, வெளிய கொண்டு வாங்க.” மைனி அந்தப் பெடலை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு பேரும் வாசலுக்குப் போனார்கள். அது வெயிலில் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் மின்னியது. “மயில்கழுத்து! சாயம் போகாது, பாத்தாலே தெரியுது. ஏட்டி, இங்க வா.” அதை ஆவுடையின் தோளில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கு.”

“மைனி, ஆரஞ்சு,” என்றாள் அவள்.

“இது என்ன செய்யும்?” என்று அம்மா கேட்டாள்.

“இது கம்ப்ரஸர்ம்மா. பெரிய சத்தத்தைக் குறைக்கும், சின்னச் சத்தத்தைக் கூட்டும். எல்லாம் ஒரு சீரா வரும்,” என்றார் காஜா மைதீன். நேர்மையான மனிதர் என்பதால், “புதுசா படிக்கிறவங்க முதல்ல இதை எடுக்க மாட்டாங்க,” என்றும் சொன்னார்.

“யாரும் எடுக்காததைத்தான் நாம எடுக்கணும்,” என்றார் மைனி. போன முகூர்த்தத்தில் ஒரே மாதிரிச் சேலை மூன்று பேர் கட்டி வந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

ஆவுடை இன்னும் இரண்டு தடவை ஆரஞ்சு என்று சொன்னாள். அதற்குள் ரசீது எழுதியாகிவிட்டது. ரசீதின் அடியில், ஏழு நாளுக்குள் ஒரே ஒரு முறை மாற்றித் தரப்படும் என்று இருந்தது. அதை மட்டும் அவள் மூன்று முறை படித்தாள்.

அன்று சாயங்காலம்தான் எறும்பு நடந்தது. ‘எல்லாம் ஒரு சீரா வரும்’ என்று கடைக்காரர் சொன்னது கிட்டாருக்கு மட்டும் இல்லை என்பது ராத்திரிக்குள் பிளாக்குக்கே புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒயரைப் பிடுங்கப் போனபோது வாசலில் போஸ்ட் மாஸ்டர் நின்றார். காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

“பிடுங்கிராதம்மா. பதினோரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் காபி ஆத்துற சத்தம் கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேக்குது. என் முழங்காலு பேசுது.”

அவள் பிடுங்கவில்லை. திங்கட்கிழமை கரண்டு போய், இரண்டு மணி நேரம் சத்தங்கள் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பியதில் பிளாக்கே தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டது. உடனே போஸ்ட் மாஸ்டர் தன் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஒயரை மேலே அனுப்பிவைத்தார். அதன்பிறகு அந்தப் பெடல் ஆவுடைச்செல்வியின் பெடலாக இல்லாமல் தண்ணீர்த் தொட்டி மாதிரிப் பொதுச் சாமானாக ஆகிவிட்டது.

ஈ பிளாக் அந்த வாரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. குக்கரின் எத்தனையாவது விசில் என்பதும் பல்லி எத்தனையாவது தடவை கத்தியது என்பதும் குழம்பியதால், பருப்பைத் திறந்து தொட்டுப் பார்த்து இறக்கப் பழகினார்கள். கொசு ஒவ்வொன்றும் புல்லட் வண்டிமாதிரி வந்ததால் தெருமுனையிலிருந்தே வருவது தெரிந்து, துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே வரவேற்று அடித்தார்கள். முதல் மாடிக் கைக்குழந்தை வீறிட்டு அழுதும் யாரும் ஓடி வராததைக் கண்டு அவமானப்பட்டு, மூன்று நாள் யோசித்து, புதன்கிழமை ‘பால்’ என்று தெளிவாகச் சொன்னது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளில் கத்தி ஜெயிக்க வழியில்லாமல், சொல்லுகிற விஷயத்தை வைத்துத்தான் ஜெயிக்கவேண்டும் என்று ஆனதால், விஷயம் இல்லாதவர்கள் முதல் நாளே சமாதானமாகிவிட்டார்கள். விஷயம் இருந்தவர்கள் இடையில் எழுந்து சாப்பிட்டுவிட்டு வந்து தொடர்ந்தார்கள்.

புறணி பேசுவதுதான் கஷ்டமாகப் போனது. காதோடு காதாகச் சொன்னாலும் அது பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது, சம்பந்தப்பட்ட வீட்டிலிருந்து திருத்தமும் வந்தது: “அது போன வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம்.” எனவே புறணி பேசுகிறவர்கள் நடந்து டி பிளாக்குக்குப் போனார்கள். டி பிளாக்காரர்கள், எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினால் எங்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள், ஈ பிளாக்காரர்களும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

முதல் மாடியில் தனியாகக் குடியிருந்த மெடிக்கல் ரெப் சகாயத்தின் வயிறு காலை எட்டு மணிக்கு இரைந்தது. அவன் மாதக் கடைசியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறவன், இதுவரை யாருக்கும் தெரியாது. எட்டேகாலுக்கு நான்கு வீடுகளிலிருந்து அவனுக்கு இட்லி வந்தது. “எனக்குப் பசிக்கலையே,” என்று அவன் வெட்கப்பட்டுச் சொன்னபோது வயிறு மறுபடியும் பேசியது. அதற்குமேல் அவனும் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

இந்த வாரத்தில் மிகவும் கஷ்டப்பட்டவள் ஆவுடைச்செல்வி. கிட்டாரை எடுத்தால் பாட்டு எவ்வளவு கேட்டதோ, கம்பியில் விரல் தேய்கிற கீச்சொலியும் அவ்வளவு கேட்டது. நகம் பட்ட சத்தமும், பயத்தில் அவள் எச்சில் விழுங்கிய சத்தமும், உதட்டுக்குள்ளே அவள் எண்ணிய ‘ஒண்ணு ரெண்டு மூணு நாலு’வும் கேட்டன. “ஏட்டி, நாலு முடியதுக்கு முன்னாலயே ஒண்ணு வந்துட்டு,” என்று கீழ் வீட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு அதிக வேதனையாக இருந்தது. இப்படி வாசித்துக்கொண்டு போனால் தனுஷ்கோடி நாற்காலியைத் தூத்துக்குடிப் பையனுக்குக் கொடுத்துவிடுவார், பிறகு வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் சர்க்கரை அளவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை காலை, குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இருபத்து மூன்று வருடப் பழக்கத்தில் அவள் தனக்குள் முணுமுணுத்தாள்.

“மயில்கழுத்தும் மண்ணாங்கட்டியும். நான் ஆரஞ்சுதான் கேட்டேன். இந்த மைனிக்குத் தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனப்பு.”

இரண்டாம் மாடியில் பத்மாவதி மைனியின் கையிலிருந்து ஊசி தரையில் விழுந்தது. அது இடிமாதிரிக் கேட்டது.

மைனி அன்று சாயங்காலம், யாரையும் பார்க்காமல், தையல் மிஷினிடம் சொன்னார்: “நாலு பேருக்கு முன்னால கையைப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயி, பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தேன்லா, எனக்கு இது வேணும்.” அதுவும் எல்லோருக்கும் கேட்டது. ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை. தன் பேச்சு யாருக்கும் கேட்பதில்லை என்று இவ்வளவு நாளும் அழுதவளுக்கு, இப்போது கேட்டுவிட்டதே என்று அழுகை வந்தது. அழுதால் கேட்கும் என்பதால் அழவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் படிக்கட்டில் எல்லோரும் கூடினார்கள். பெடலைத் திருப்பிக் கொடுக்க நாளையோடு கெடு முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை இவளுக்குச் சோதனை இருக்கிறது என்று அம்மாதான் எல்லோருக்கும் தகவல் சொல்லியிருந்தாள்.

“குடுக்கக் கூடாது,” என்றார் அண்ணாச்சி. குரல் போனதில் எல்லோரையும்விட நஷ்டப்பட்டவர் அவர்தான் என்பதால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். “முப்பது வருஷமா எங்க வீட்டுல உள்ளவ பேசுனதுல பாதிதான் எனக்குக் கேட்டிருக்கு, மீதிப் பாதி என் சத்தத்துல அமுங்கிப் போச்சு. இந்த வாரந்தான் முழுசு முழுசா வருது. அதுல ஒண்ணு ரெண்டு நல்லாவே இருக்கு.”

“ஒண்ணு ரெண்டா?” என்றார் அண்ணாச்சியின் மனைவி.

“சரி, மூணு.”

போஸ்ட் மாஸ்டர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். சகாயம் ஒன்றும் சொல்லவில்லை, அவன் வயிறும் சொல்லவில்லை. எல்லோரும் ஆவுடையைப் பார்த்தார்கள்.

அவள் வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினாள். அது அண்ணாச்சி பேசிய அளவுக்குக் கேட்டது.

“இது நல்ல பெடல்தான். அதை நான் குறை சொல்லல்லை. மைனி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. ஆனா ஆரஞ்சு வேணும்னது தப்பு இல்லை. எனக்கு அந்த நாற்காலி வேணும். நான் இதுவரைக்கும் எதையும் வேணும்னு கேட்டதில்லை. கேட்டிருப்பேன், உங்களுக்குத் தெரியாது.”

அம்மா பீடி இலை வெட்டுகிற சத்தம் மட்டும் இடைவிடாமல் கேட்டது. பிறகு அந்தக் கத்தரியும் நின்றது. “அவ கேக்குதது நியாயந்தான்,” என்றாள் அம்மா.

பத்மாவதி மைனி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். “எடுத்த கைதான் மாத்தணும். போன பதினோரு பேரும் வரணும். ஒரு ஆளு குறைஞ்சாலும் மாத்துன சாமான் விளங்காது. வேனுக்குச் சொல்லுங்க.”

சனிக்கிழமை காலையில் ஒயரைப் பிடுங்குமுன் ஆளுக்குக் கால் மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். சத்தமாகச் சொல்ல முடியாத சின்னச் சின்ன விஷயங்களை எல்லாம் ஈ பிளாக்காரர்கள் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்கள்; யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை மற்றவர்கள் கேட்காததுபோல இருந்தார்கள். போஸ்ட் மாஸ்டர் மிஷினைத் துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டார். ஆவுடை பிடுங்கினாள். வேன் டிரைவர் அடித்த ஹாரனில் பதினோரு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

காஜா மைதீன் பாயை விரித்தார், டீ வந்தது. மைனி உட்கார்ந்து, வேண்டுமென்றே ஆவுடைக்கு முகம் கொடுக்காமல், பெடல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை தன்னை யாரும் குறை சொல்லக் கூடாது என்ற வைராக்கியம் அவர் முகத்தில் இருந்தது.

“ஆரஞ்சு, மைனி,” என்றாள் ஆவுடை. அவள் குரல் பழையபடி ஒரு முழம் போய் விழுந்தது.

“இது என்ன, வாடாமல்லியா?” மைனி ஒரு பெடலை எடுத்தார். “வெயிலுக்குக் கொண்டு வாங்க.” பதினோரு பேரும் வாசலுக்குப் போனார்கள். வாடாமல்லி வெயிலில் அவ்வளவு அழகாக இருந்தது. அண்ணாச்சி ஒரு வாரமாக அடக்கி வைத்த குரலில் “பிரமாதம்!” என்றார், எதிர்க்கடையில் தொங்கிய வாளி ஒன்று கீழே விழுந்தது. காஜா மைதீன் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“ஆரஞ்சு,” என்றாள். “ஆரஞ்சு வேணும்.” பேனா எழுதத் தொடங்கியது. ஒரே ஒரு முறைதான் மாற்றித் தருவார்கள்.

ஆவுடைச்செல்வி சுவரில் மாட்டியிருந்த கிட்டார் ஒன்றை, கேட்காமல், எடுத்தாள். ஒருவர் பொருளைக் கேட்காமல் எடுப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாயிலிருந்து ஆரஞ்சுப் பெடலை எடுத்து ஒயரைச் செருகினாள். மறு ஒயரைக் கடையிலேயே பெரிய ஆம்பில், பீரோ உயரத்துக்கு நின்றதில் செருகினாள். கண்ணில் பட்ட குமிழ்களை எல்லாம் வலது கோடிவரை திருகினாள். பெடலை மிதித்து, ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

கண்ணாடி அலமாரியில் இருந்த புல்லாங்குழல்கள் உருண்டன. டீ டம்ளர்கள் பாயில் நகர்ந்தன. ரசீதில் வாடாமல்லி என்று எழுதப்போன பேனா குறுக்கே ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாசலில் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி திரும்பினார்கள். அண்ணாச்சி தன் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கம்பியைக் கையால் அமுக்கினாள். கடை முழுக்க அமைதி. அந்த அமைதியில் அவள் குரலுக்குப் போக நிறைய இடம் இருந்தது.

“இதுதான்,” என்றாள்.

பத்மாவதி மைனி அருகில் வந்து, பெடலைக் குனிந்து பார்த்தார். “ஆரஞ்சு.”

“ஆமா மைனி.”

“இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாட்டி.”

“சொன்னேன் மைனி. நாலு தடவை.”

மைனி அந்த ஆரஞ்சுப் பெடலைக் கழற்றி எடுத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், தனியாக வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பிப் பார்த்தார். “சாயம் போகாது,” என்று காஜா மைதீனிடம் சொன்னார். “எழுதுங்க.”

ஈ பிளாக்கில் எல்லாம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அண்ணாச்சிக்கு, மனைவி பேசும்போது வாயை மூடுகிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. சகாயத்துக்கு எட்டேகாலுக்கு இட்லி போனது, வயிற்றை யாரும் கேட்கவில்லை. டி பிளாக்காரர்கள்தான், இனி யாரும் பேச வரமாட்டார்கள் என்று தெரிந்து ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடியின் மொட்டை மாடிக் கொட்டகையில், தூத்துக்குடிப் பையன் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒன்பது பெடல்கள் வரிசையாக இருந்தன. அவன் அவளைவிட நன்றாக வாசிப்பவன், ஒயர் மாட்டும்போதே அவன் விரல்களைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்பது பெடலுக்கு நடுவே இருந்த எட்டுக் குட்டி ஒயர்களில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. எது என்று அவன் ஒன்றேகால் மணி நேரம் தேடினான். ஒருமுறை சத்தம் வந்தது. அது ஏதோ ரேடியோ நிலையத்தின் உழவர்களுக்கான அறிவிப்பு.

“நீ வாம்மா,” என்றார் தனுஷ்கோடி.

அவளுக்கு இரண்டு ஒயர்தான். மாட்டினாள், மிதித்தாள், வாசித்தாள். நான்கு இடத்தில் தப்பு விட்டாள். நாலு முடிவதற்கு முன்னால் ஒண்ணு ஒருதடவை வந்தது. உறுமலுக்குள் அவையெல்லாம் எங்கேயோ போய் விழுந்தன, அவளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வற்றல் தாளோடு சேர்ந்து நடுங்கியது. அடுத்த தெருவில் நாய்கள் எழுந்தன.

தனுஷ்கோடி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார்.

“நாற்காலி உனக்குத்தான். வெள்ளிக்கிழமை கொடைக்கு ஆறு மணிக்கு வந்துரு. ஆனா சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோம்மா.”

பிறந்ததிலிருந்து அவளிடம் யாருமே இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆவுடைச்செல்விக்கு அது முழுதாகக் கேட்டது, ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. ஆனாலும் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, காதை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

“என்ன சார் சொன்னீங்க?” என்றாள். “கேக்கல்லை.”